பரிசுப் பெட்டியின் சத்தம்

பயப்படுவதற்குக் கம்பவுண்டருக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனவர் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் மருந்தை அளந்து ஊற்றி, சீசாவில் சீட்டு ஒட்டிய பிறகும், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் நோயாளி கையில் கொடுப்பார். அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். விசிலை வாயில் வைத்தால் ஒரு மைதானமே அப்படியே நின்றுவிடும். புருஷனின் இந்தச் சுபாவம் டீச்சருக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு எரிச்சலாக மாறியது, இப்போது பழகிவிட்டது. பழகாதவர் டீச்சரின் அப்பா ஒருவர்தான்.

மாமனார் பஸ் பணிமனையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் சிக்கனம். கல்யாணமான புதிதில், மாடிப்படியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை இறங்குவதைக் கீழிருந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை ரொம்ப ஜாக்கிரதை" என்று சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் கம்பவுண்டரின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது.

அந்த மாமனாருக்கு எழுபது வயது நிறைந்தது. மகன்களும் மகளும் சேர்ந்து பிறந்தநாளை மதியச் சாப்பாட்டோடு கொண்டாடுவதாக முடிவு செய்தார்கள். பரிசு வாங்குகிற வேலையைக் கம்பவுண்டர் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். மாமனார் வாலிப வயதிலிருந்து மடக்குக் கத்தியால்தான் சவரம் செய்துகொள்வார். கொஞ்ச காலமாக அவருக்குக் கை நடுங்குகிறது. போன தடவை போயிருந்தபோது தாடையில் அங்கங்கே ரத்தம் கசிந்த இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்ததைக் கம்பவுண்டர் கவனித்தார். வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதனால் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பேட்டரியில் ஓடுகிற சவர மெஷினைப் பார்த்ததுமே அவர் மனசில் வேறு பரிசுக்கு இடமில்லாமல் போய்விட்டது.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான். தந்த நிறம், பக்கவாட்டில் தள்ளுகிற பொத்தான், தலையில் சல்லடை மாதிரி மெல்லிய தகடு. வீட்டுக்குக் கொண்டுவந்து பேட்டரி போட்டுத் தன் கன்னத்திலேயே ஓட்டிப் பார்த்தார். நிறுத்தினார். ஓட்டினார். பயணத்தில் பேட்டரியை உள்ளே வைக்கக் கூடாது, ஒழுகிவிடும், கழற்றித் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டுப் போனார். கழற்றினார்தான். ஆனால் மாமனார் எல்லோர் முன்னாலும் பொட்டலத்தைப் பிரித்து, பொத்தானைத் தள்ளி, அது ஓடாமல் கிடந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு யோசனை வந்தது. அந்த யோசனையோடு அவரால் படுக்க முடியவில்லை. டீச்சருக்குத் தெரியாமல் பேட்டரியைத் திரும்பப் போட்டு, மெஷினை அதன் அட்டைப் பெட்டியில் வைத்து, பளபளப்பான காகிதம் சுற்றி, சூட்கேஸில் துணிகளுக்கு நடுவில் செருகினார். அதன்மேல் காகிதத் தொப்பிகள், பலூன் பாக்கெட், சின்ன மெழுகுவத்திகள், காமிரா. காலையில் கிளம்புகிற அவசரத்தில் டீச்சர் தன் தலைமுடி சுருட்டுகிற உருளைகளை ஒரு பையில் திணித்து, அந்தப் பையையும் சூட்கேஸுக்குள் அமுக்கி, மேலே முழங்காலை ஊன்றிப் பூட்டினார்.

பஸ்ஸில் கூட்டம். அவர்களுக்கு இடம் கிடைத்தது முன்பக்கம். கண்டக்டர் சூட்கேஸை வாங்கிக்கொண்டு போய் வைத்தது கடைசி வரிசைக்குப் பின்னால், சாமான்கள் அடுக்குகிற இடத்தில். பார்வைக்கு எட்டாத இடத்தில் பெட்டி இருந்தால் கம்பவுண்டருக்கு இருப்புக் கொள்ளாது. ஊர் எல்லை தாண்டி, வழியில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஏறி முடித்த பிறகு, பெட்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார். அவருடைய பெட்டி கண்ணில் படவில்லை. அதன்மேல் வேறு பெட்டிகளும், கித்தான் பைகளும், கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளும் குவிந்து கிடந்தன. எந்தப் பெட்டியின் மூலை தெரிகிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் அது காதில் விழுந்தது.

இன்ஜின் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம். வண்டு ஒன்று தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி, விடாமல், ஒரே சுருதியில். பின்பக்கத்து இரும்புத் தகடு முழுக்க அந்த அதிர்வு பரவியிருந்தது. கை வைத்துப் பார்த்தார். விரல் நுனி கூசியது.

அந்த நாட்களில் செய்தித்தாளைப் பிரித்தால் எங்கேயாவது ஒரு ரயிலில், ஒரு சந்தையில், யாரோ விட்டுப்போன பெட்டியைப் பற்றிய செய்தி இருக்கும். சொந்தக்காரர் தெரியாத பெட்டியைக் கண்டால் தொடாதீர்கள் என்று பஸ் நிலையத்திலேயே பலகை எழுதி வைத்திருந்தார்கள். கம்பவுண்டர் அந்தப் பலகையைப் போகும்போதும் வரும்போதும் படிக்கிற ஆள். கால் தன்பாட்டுக்கு முன்பக்கம் நடந்தது. கண்டக்டரின் காதருகில் குனிந்து விஷயத்தைச் சொன்னார். கண்டக்டர் போய்க் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

டிரைவர் நல்ல நிதானஸ்தர். வண்டியை வீடுகள் இல்லாத இடமாகப் பார்த்து, ஒரு செங்கல் சூளைக்கு எதிரே ஓரம் கட்டினார். எல்லோரும் சாமானைத் தொடாமல் இறங்கி நடக்க வேண்டும் என்றார். நடக்க வேண்டும் என்று சொன்னால் யார் நடக்கிறார்கள்? விஷயம் ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போவதற்குள் படிக்கட்டில் நெரிசல். பிள்ளைகள் அழுதார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவரை யாரோ பின்னாலிருந்து தள்ள, அவர் கடைசிப் படியிலிருந்து சரளைக் கல்லில் முழங்கால் குத்தி விழுந்தார்.

டீச்சர்தான் கூட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர். கைக்குழந்தைக்காரிகளை முதலில் அனுப்பினார். பெரியவரைத் தூக்கி, சூளைக் காவலாளியின் கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தார். பஸ்ஸின் முதலுதவிப் பெட்டியைக் கண்டக்டரிடம் கேட்டு வாங்கி, புருஷனைக் கூப்பிட்டார். காயத்தைக் கண்டதும் கம்பவுண்டரின் பயம் விலகியது. அது மட்டும் அவருக்கு எப்போதும் அப்படித்தான். முழங்கால் தோல் உரிந்து, உள்ளே சரளை பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தார்.

பெரியவர் வலியைக் காட்டிக்கொள்ளாமல் பேச்சுக் கொடுத்தார். "நீங்கதான் முதல்ல கேட்டீங்களாமே தம்பி. எப்படி இருந்தது சத்தம்?"

கம்பவுண்டர் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு உதடுகளை மூடி, "ம்ம்ம்" என்று அந்தச் சுருதியில் முனகிக் காட்டினார். முனகும்போது உதடு அதிர்ந்தது. அதிர்வு கன்னத்துக்கு ஏறியது. முந்தின நாள் சாயங்காலம் இதே கன்னத்தில் இதே அதிர்வு இருந்தது.

முனகல் பாதியில் நின்றுவிட்டது. என்ன ஆச்சு என்று பெரியவர் கேட்டார். ஒன்றும் இல்லை என்று கம்பவுண்டர் சொன்னார். கட்டுத் துணியைச் சுற்ற ஆரம்பித்தார். எத்தனை சுற்று சுற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

உருளைப் பை. முழங்காலை ஊன்றி அமுக்கியது. மேலே குவிந்த சாமான்களின் பாரம். தள்ளுகிற பொத்தான். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. உடனே எழுந்து கத்திச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நிஜமாகவே எழுந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒரு தம்ளரில் டீயோடு வந்து நின்றார். சூளையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் டீ போட்டார்களாம், முதல் தம்ளர் உங்களுக்குத்தான் என்றார். பின்னால் ஒரு அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக் கம்பவுண்டரைக் கும்பிட வைத்தாள். "உங்க காது இல்லேன்னா இந்நேரம் நாங்க யாருமே இல்லைங்க" என்றாள். கழுத்தில் டை கட்டிய ஒருவர், தனக்கு இன்று வேலைக்கான நேர்முகத் தேர்வு போய்விட்டது, போனால் போகட்டும், உயிர் இருக்கிறது என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே ஆள் அடுத்த மூச்சில், இந்த வேலையைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சூளைக்குள்ளேயே தள்ளிவிடுவேன் என்றார். சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

கம்பவுண்டர் டீயைக் குடித்தார்.

டீச்சர் பக்கத்தில் வந்து நின்றார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் கம்பவுண்டர் பார்க்காத ஒரு பார்வை அந்த முகத்தில் இருந்தது. "அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீங்க சும்மா உட்கார்ந்திருங்க. நான் சொல்றேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அவர் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டுப் போனார்.

அதோடு கம்பவுண்டருக்கு வாய் கட்டிவிட்டது.

சொல்லாமல் சமாளிக்க வழி உண்டா என்று பார்த்தார். யாரும் கவனிக்காதபோது பஸ்ஸுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பொத்தானைத் தள்ளிவிட்டால் போதும். சூளையின் செங்கல் அடுக்குகளை ஒட்டியே நடந்து ரோட்டுப் பக்கம் போனார். பாதி வழியில் டிரைவர் ஓடிவந்து தோளைப் பிடித்து இழுத்தார். மூக்குக் கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டேன் என்று கம்பவுண்டர் சொன்னார். கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. பதற்றத்தில் மனுஷருக்கு அப்படித்தான் ஆகும் என்று டிரைவர் தேற்றி அழைத்து வந்தார். பேட்டரி தீர்ந்து தானாக நின்றுவிடும் என்று அடுத்ததாக ஒரு நம்பிக்கை வந்தது. நின்றுவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. வீட்டுக்குப் போனதும் மெஷினைக் கிணற்றில் போட்டுவிட்டு, பரிசு தொலைந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த மெஷினில் போட்டிருந்தது கடைக்காரர் சிபாரிசு செய்த உயர்ந்த ரகப் பேட்டரி என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எதிரே வந்த லாரிக்காரரிடம் டிரைவர் சொல்லி அனுப்பியிருந்ததில் போலீஸ் ஜீப் வந்தது. தொப்பை வைத்த ஒரு இன்ஸ்பெக்டர், இரண்டு போலீஸ்காரர்கள். இன்ஸ்பெக்டர் டிரைவரையும் கண்டக்டரையும் விசாரித்தார், பிறகு கம்பவுண்டரைக் கூப்பிட்டார். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில், டிக் டிக் என்றா ஒரே இழுப்பாகவா என்று கேட்டார். கேட்டதற்கெல்லாம் கம்பவுண்டர் உண்மையான பதிலே சொன்னார். கேட்காததைச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் அவர் முதுகில் தட்டி, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் எங்களுக்கு வேலை பாதி குறையும் என்றார்.

நிபுணர்கள் வர வேண்டுமென்றால் நகரத்திலிருந்து வர வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். சாலையை அவ்வளவு நேரம் மறித்து வைக்க முடியாது. யாராவது ஒருவர் உள்ளே போய்ச் சாமான்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, சத்தம் வருகிற பெட்டியைக் கண்டுபிடித்து, கயிறு கட்டிவிட்டு வர வேண்டும். பிறகு தூரத்திலிருந்து இழுத்துச் சூளைக் குழியில் போட்டுவிடலாம் என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார். இரண்டு போலீஸ்காரர்களையும் பார்த்தார். மூத்தவர் பூட்ஸைப் பார்த்தார். அதனால் இளையவர் ஒரு அடி முன்னால் வந்தார்.

அந்த இளையவர் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் கம்பவுண்டர் நின்றிருந்தார். போலீஸ்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். புதுக் கடிகாரம், வார்கூட இன்னும் கையின் வளைவுக்குப் பழகவில்லை. விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். அது வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகி எடுத்தார். இரண்டையும் மூத்தவரிடம் கொடுத்து, "எதாவது ஆச்சுன்னா வீட்ல கொடுத்துடுங்கண்ணே" என்றார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

கம்பவுண்டர் எத்தனையோ பயந்த முகங்களைப் பார்த்தவர். ஊசியைக் கண்டு பயப்படுகிறவர்கள், ஆபரேஷனுக்குப் போகிறவர்கள். அதெல்லாம் இருக்கிற ஒன்றுக்குப் பயப்படுவது. இந்த ஆள் இல்லாத ஒன்றுக்காகச் செத்துக்கொண்டிருந்தார். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அங்கே வேறு யாரையும்விடக் கம்பவுண்டருக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து அவர் அதற்குள்ளேயே குடியிருக்கிறார்.

"போகாதீங்க" என்றார். சத்தம் எழும்பவில்லை. போலீஸ்காரர் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தார். கம்பவுண்டர் ஓடிப்போய் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அது வெடிகுண்டு இல்லைங்க. என் பெட்டிங்க. உள்ள சவரம் பண்ற மெஷின் இருக்கு. அதுதான் ஓடுது."

இன்ஸ்பெக்டர் அருகில் வந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கம்பவுண்டர் சொன்னார்: மாமனார், பிறந்தநாள், பேட்டரி, உருளைப் பை. எப்போது தெரியும் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பெரியவருக்குக் கட்டுப் போடும்போதே தெரியும் என்றார் கம்பவுண்டர். இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. நல்லவேளை அவர் கையை ஓங்கவில்லை. "அப்ப நீயே போய் எடுத்துட்டு வா" என்றார்.

காலியான பஸ்ஸுக்குள் கம்பவுண்டர் தனியாக ஏறினார். இருக்கைகளில் குடைகள், பாதி தின்ற ரொட்டி, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நடுவழியில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது வேறாக இருந்தால்? தன் மெஷின் சும்மா கிடந்து, நிஜமாகவே வேறு யாரோ எதையோ வைத்திருந்தால்? கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியே பார்த்தார். டீச்சர் கூட்டத்தை விட்டு விலகி, பஸ்ஸுக்கு ரொம்பக் கிட்டத்தில், போலீஸ்காரர்கள் தடுத்தும் கேட்காமல் வந்து நின்றிருந்தார். முகத்தில் என்ன இருந்தது என்று அங்கிருந்து தெரியவில்லை. கம்பவுண்டர் கம்பியை விட்டார்.

கித்தான் பைகளை நகர்த்தினார். அட்டைப் பெட்டிகளை இறக்கி வைத்தார். தன் சூட்கேஸின் மேல் கை வைத்ததும் அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியது. பூட்டுக்குச் சாவி போட நெடுநேரம் ஆயிற்று. உருளைப் பையைத் தூக்கி எறிந்தார், தொப்பிகள் பறந்தன. பளபளப்பான காகிதத்துக்குள் அந்தப் பொட்டலம், பிடித்த பூச்சி மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. கிழித்துப் பொத்தானைத் தள்ளினார். சத்தம் நின்றது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது கேவலம்தான், ஆனால் சீக்கிரம் முடிந்தது. டை கட்டியவர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். குழந்தையைக் கும்பிட வைத்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் நடுரோட்டில் நிற்க வைத்துத் திட்டித் தீர்த்து, ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இளைய போலீஸ்காரர் மோதிரத்தைப் போட்டுக்கொண்டார், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். கம்பவுண்டரைத் திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை. ஜீப்பில் ஏறும்போது அவர் கால் ஒரு தடவை படியில் வழுக்கியது. அவ்வளவுதான்.

பஸ் கிளம்பியது. அவர்களோடு ஒருவரும் பேசவில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். பேட்டரியைக் கழற்றச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தேவலை என்று கம்பவுண்டருக்கு இருந்தது. டீச்சர் கேட்கவில்லை. ஊர் நெருங்கியபோது, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

போய்ச் சேர்ந்தபோது சாப்பாடு முடிந்து, கேக் வெட்டி, மைத்துனர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கம்பவுண்டர் வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக மாமனார் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒரு மைத்துனர் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மாமனார் கடைசி வரைக்கும் குறுக்கிடாமல் கேட்டார். அவர் தாடையில் இன்றைக்கும் ஒரு துணுக்குக் காகிதம் இருந்தது.

"அந்தப் பெரியவர் எங்க இறங்கினார்?" என்று கேட்டார்.

இதே ஊரில்தான், தபால் ஆபீஸுக்குப் பின்தெரு, டீச்சர்தான் வாசல் வரை கொண்டுபோய் விட்டார் என்றார் கம்பவுண்டர். மாமனார் தலையை ஆட்டினார். மெஷினை வாங்கிப் பார்த்தார், பொத்தானைத் தள்ளவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கம்பவுண்டர் கட்டுத் துணியும் பஞ்சும் மருந்தும் வாங்கிக்கொண்டு தபால் ஆபீஸுக்குப் பின்தெருவுக்குப் போனார். அந்த வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, மறுபடி தாண்டிப் போனார். உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், என்ன சொல்லித் திட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். கதவைத் தட்டியதும் பெரியவரின் மருமகள் வந்து திறந்தாள். யார் என்று கேட்டாள். நேற்று கட்டுப் போட்டவன் என்று சொன்னார்.

அவள் முகம் மலர்ந்தது. பஸ் படியில் வழுக்கி விழுந்ததாக மாமா சொன்னார், பக்கத்தில் நின்ற ஒரு கம்பவுண்டர் ரொம்ப நன்றாகப் பார்த்துக்கொண்டார் என்றும் சொன்னார், வாருங்கள் உள்ளே என்று கூப்பிட்டாள்.

பெரியவர் ஜன்னலோரம் காலை ஒரு முக்காலியின்மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மருமகள் டீ போட உள்ளே போகும் வரைக்கும் காத்திருந்தார். கம்பவுண்டர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ராத்திரி பூரா கால் விண்ணுன்னு இருந்தது. இவ்வளவு இறுக்கியா கட்டுவாங்க? முதல்ல இதை அவிழ்த்து விடுங்க."

கம்பவுண்டர் தரையில் மண்டியிட்டுக் கட்டின் முடிச்சைத் தேடினார்.